உத்தரவுத் தாளில் உங்கள் பெயர் இருக்கிறதா?

சான் டியேகோவிலிருந்து ஒரு வாசகி எட்டுப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 32. பிறந்து வளர்ந்தது மதுரைப் பக்கம். மென்பொருள் வேலைக்காக அமெரிக்கா வந்தவர், அமெரிக்கக் கடற்படையில் பணிபுரியும் தமிழர் ஒருவரை மணந்தார். கணவர் அமெரிக்கக் குடிமகன். இவரிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட்டும், வாங்கி இரண்டு ஆண்டு நான்கு மாதமான கிரீன் கார்டும். நான்கு வயது மகள் அமெரிக்காவில் பிறந்தவள். குளிர் வந்தால் அவளுக்கு மூச்சிரைப்பும் வரும், இன்ஹேலர் உண்டு. பேச்சும் கொஞ்சம் தாமதம். கணவருக்கு இப்போது ஜப்பானின் யோகோசுகா தளத்தில் இருக்கும் ஒரு கப்பலுக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஐந்து மாதத்தில் புறப்பட வேண்டும்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "மூன்று வருடம் வெளியே இருந்தால் கிரீன் கார்டு பறிபோகும், குழந்தையோடு இங்கேயே இரு" என்கிறார் மாமனார். "மதுரைக்கு வந்துவிடு, பேத்தியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் அம்மா. கணவரோ, "சேர்ந்தே போகலாம். அமெரிக்கப் படையோடு போகிறவர்களை ஜப்பான் சட்டம் தொடாது. உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம்" என்கிறார். வாசகியின் கேள்விகள்: போவதா, இருப்பதா? குடியுரிமைக்கு இனி எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்? குழந்தையின் மூச்சிரைப்பைச் சொல்லாமல் விட்டால் என்ன? வீட்டிலிருந்தே பார்க்கும் வேலையை அங்கிருந்தும் தொடரலாமா? கடைசிப் பக்கத்தில், "சிரிக்காதீர்கள்" என்ற முன்குறிப்போடு மிக்ஸி, கிரைண்டர் பற்றியும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

சிரிக்கவில்லை. உங்கள் எட்டுப் பக்கத்தில் மிகத் தெளிவான கேள்வி அந்தக் கிரைண்டர் கேள்விதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு தாளைப் பற்றிப் பேச வேண்டும். கணவருக்கு வந்திருக்கும் மாற்றல் உத்தரவில் உங்கள் பெயரும் மகளின் பெயரும் இருக்கின்றனவா? கடிதம் முழுவதும் தேடிப் பார்த்தேன். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நீங்கள் கேட்ட பெரும்பாலான கேள்விகளுக்கு விடை அந்தத் தாளில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. படைவீரரின் குடும்பம் வெளிநாட்டுத் தளத்துக்கு வருவதற்குத் தளம் தரும் ஒப்புதலை 'கமாண்ட் ஸ்பான்சர்ஷிப்' என்கிறார்கள். கணவருக்கு மாற்றல் வந்துவிட்டதாலேயே இந்த ஒப்புதலும் வந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. ஒப்புதல் இருந்தால் விமான டிக்கெட், வீட்டுச் சாமான், குடும்பத்துக்கான வீட்டுப்படி, தளத்து மருத்துவமனை, பள்ளி எல்லாம் உங்களுக்கும் உண்டு. ஒப்புதல் இல்லாமல் சொந்தச் செலவில் பின்னாலேயே போய்ச் சேர்ந்தால், மருத்துவமனையிலும் பள்ளியிலும் இடம் மிச்சமிருந்தால்தான் உங்கள் முறை வரும். மூச்சிரைப்பு இருக்கும் குழந்தையோடு அப்படிப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

யோகோசுகாவுக்குக் குடும்பத்தோடு போனால் வழக்கமாக 36 மாதம், தனியாகப் போனால் 24 மாதம். ஆகவே, "நீ இங்கேயே இரு" என்று மாமனார் சொல்வது மூன்று வருடப் பிரிவாக இல்லாமல் இரண்டு வருடமாகவும் முடியலாம். எதுவானாலும் உத்தரவு உறுதியாகும் முன்பே முடிவெடுங்கள். பிறகு மாற்றுவதற்கு அலைச்சல் அதிகம்.

கிரீன் கார்டு பறிபோகுமா?

மாமனார் சொல்வது பொதுவான விதியைப் பொறுத்தவரை சரி. கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்துவிட்டு, வெறும் கார்டை நீட்டினால் உள்ளே விட மாட்டார்கள். ஆனால் அவர் அறியாத விலக்கு ஒன்று அதே குடிவரவு விதிகளுக்குள் இருக்கிறது. அரசு உத்தரவின் பேரில் வெளிநாட்டில் பணியாற்றும் படைவீரரின் மனைவியோ குழந்தையோ அந்தக் காலத்தில் வெளிநாட்டில் வசித்துவிட்டு, அவருக்கு முன்னாலோ, அவரோடு சேர்ந்தோ, அவருக்குப் பின் நான்கு மாதத்துக்குள்ளோ திரும்பினால், கார்டு காலாவதியாகியிருந்தாலும் செல்லும். உத்தரவுத் தாளின் நகலைப் பாஸ்போர்ட்டோடு எப்போதும் வைத்திருங்கள். விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் இளம் அதிகாரிக்கு இந்த விதி நினைவில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

இந்த இடத்தில்தான் அம்மாவின் யோசனை இடறுகிறது. கணவர் யோகோசுகாவில், நீங்கள் மதுரையில் என்றால் அதே விலக்கு பொருந்துமா? விதியின் வாசகத்தைப் பிடித்துக்கொண்டு "நானும் வெளிநாட்டில்தான் வசித்தேன்" என்று வாதாடலாம். ஆனால் தூங்கி விழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு குடிவரவு மேசையில் வாதாடும் நிலைமைக்கு நான் யாரையும் அனுப்புவதில்லை. மதுரைதான் என்று முடிவானால், அமெரிக்காவை விட்டுக் கிளம்பும் முன் மறுநுழைவு அனுமதி கேட்டு விண்ணப்பித்துவிட வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் நீங்கள் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும். அதிகபட்சம் இரண்டு வருடத்துக்குச் செல்லும். மூன்று வருடத்துக்குப் போதாது. இன்னொன்று, உங்கள் மகள் அமெரிக்கக் குடிமகள். அவள் இந்தியாவில் நெடுநாள் தங்க ஓசிஐ அட்டையோ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) விசாவோ வேண்டும். பாட்டி வீடு என்பதற்காகச் சட்டம் இளகிவிடாது.

குடியுரிமைக்குக் காத்திருக்க வேண்டாம்

மூன்று வருடம் முடித்து ஜப்பானிலிருந்து திரும்பிய பிறகு மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லவேளையாக இது தவறு. அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்குப் பொதுவான காத்திருப்பு மூன்று வருடம். அது முடிவதற்கு 90 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். உங்கள் கணக்குப்படி அந்த நாள் நீங்கள் புறப்படும் வாக்கிலேயே வந்துவிடுகிறது. 2008-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, படைவீரரான கணவரோடு உத்தரவின் பேரில் வெளிநாட்டில் சேர்ந்து வாழும் காலம் அமெரிக்காவில் வாழ்ந்த காலமாகவே எண்ணப்படும். நேர்காணலையும் உறுதிமொழியையும் வெளிநாட்டிலேயே முடிக்கவும் சட்டம் இடம் தருகிறது. இதிலும் கவனிக்க வேண்டியது 'உத்தரவின் பேரில்', 'சேர்ந்து' என்ற இரண்டு சொற்கள். மதுரையில் கழிக்கும் வருடங்கள் இந்தக் கணக்கில் சேராது.

இதைவிடக் குறுக்கு வழியும் இருக்கிறது. குடிமகனான கணவருக்கு ஒரு வருடத்துக்குக் குறையாத வெளிநாட்டுப் பணி உத்தரவு இருந்தால், குடியுரிமைச் சட்டத்தின் 319-ஆம் பிரிவில் உள்ள தனி உட்பிரிவின் கீழ் மனைவி காத்திருக்காமலே விண்ணப்பிக்கலாம். கணவரோடு போய் வாழப் போகிறீர்கள், பணி முடிந்ததும் அமெரிக்கா திரும்புவீர்கள் என்று காட்ட வேண்டும். படைத்துறை தரும் டிடி 1278 என்ற சான்றுப் படிவம் கூடவே போக வேண்டும். இந்த வழியில் நேர்காணலுக்கும் உறுதிமொழிக்கும் நீங்கள் அமெரிக்காவில் இருக்க வேண்டும். ஐந்து மாதத்துக்குள் முடியலாம், முடியாமலும் போகலாம். முடியாவிட்டால் முதலில் சொன்ன வழி இருக்கவே இருக்கிறது.

இதில் மனசு சம்பந்தப்பட்ட பக்கமும் ஒன்று உண்டு. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. உறுதிமொழி எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்கி, ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சிலருக்கு இது வெறும் தாள் வேலை. வேறு சிலர் என் அலுவலகத்தில் அந்தப் பழைய பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அவசரத்துக்காக மட்டும் இதை முடிவு செய்யாதீர்கள். இரண்டு வருடம் கழித்தும் இதே வழி திறந்திருக்கும்.

மூச்சிரைப்பை மறைக்கலாமா?

கூடாது. இதில் சுற்றிவளைத்துப் பேச ஒன்றுமில்லை.

வெளிநாட்டுத் தளத்துக்குப் போகும் கடற்படைக் குடும்பம் ஒவ்வொன்றும் உடல்நலம், பல், படிப்பு பற்றிய தகுதிப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் அதை முடிக்கச் சொல்வார்கள். இதில் தோற்றால் போக முடியாது என்ற பயத்தில்தான் மறைக்கத் தோன்றுகிறது. பரிசோதனையின் நோக்கமோ, குழந்தைக்குத் தேவையான மருத்துவர் அங்கே இருக்கிறாரா என்று பார்ப்பதுதான். இன்ஹேலரில் அடங்கும் மூச்சிரைப்புக்காகத் தடுத்துவிடுவார்கள் என்று இப்போதே பயப்பட வேண்டாம். யோகோசுகாவில் கடற்படை மருத்துவமனையே இருக்கிறது. எனக்கு யோசனையாக இருப்பது பேச்சுத் தாமதம். பேச்சுப் பயிற்சியாளர் போன்றவர்கள் வெளிநாட்டுத் தளங்களில் எண்ணிக்கையில் குறைவு. ஆங்கிலத்தில் பயிற்சி தருபவர் தளத்துக்கு வெளியே கிடைப்பதும் அரிது. அதனால் இப்போதே சான் டியேகோவில் மதிப்பீடு செய்து அறிக்கை வாங்குங்கள். தேவைப்பட்டால் சிறப்புக் கவனம் தேவைப்படும் குடும்பத்தினருக்கான திட்டத்தில், அதாவது இ.எஃப்.எம்.பி-யில் பதிவு செய்யச் சொல்வார்கள். கணவரின் பதவி உயர்வு கெட்டுவிடும் என்ற பேச்சு முகாமில் காலம் காலமாக உலவுகிறது. அதை நம்பிக் குழந்தையின் அறிக்கையைப் பூட்டி வைக்காதீர்கள்.

மறைத்துவிட்டுப் போய், சனவரி மாத இரவு ஒன்றில் குழந்தைக்கு மூச்சு வாங்கும்போது கணவர் நடுக்கடலில் இருப்பார். அதற்குப் பிறகு பழைய மருத்துவக் குறிப்பு வெளியே வந்தால் குடும்பத்தையே பாதியில் திருப்பி அனுப்பலாம். பொய்த் தகவல் தந்ததற்குக் கணவர் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஜப்பான் சட்டம் தொடாதா?

கணவர் சொன்னதில் மிக ஆபத்தானது இதுதான். 1960 சனவரி 19 அன்று அமெரிக்காவும் ஜப்பானும் கையெழுத்திட்ட படைநிலை ஒப்பந்தத்தை, அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, தளத்தில் எல்லோரும் 'சோஃபா' என்பார்கள். உட்காரும் சோஃபாவைப் போலவே அதில் சாய்ந்துவிடலாம் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது தருவது சில குறிப்பிட்ட விலக்குகள். வெளிநாட்டவரைப் பதிவு செய்யும் ஜப்பானிய விதிகள் உங்களுக்குப் பொருந்தாது. அதனால் மற்ற வெளிநாட்டவர் வைத்திருக்கும் குடியிருப்பு அட்டை உங்களுக்குக் கிடையாது, பாஸ்போர்ட்டில் முத்திரைதான். எத்தனை வருடம் இருந்தாலும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பிறக்காது. கணவரின் படைச் சம்பளத்துக்கு ஜப்பானில் வரி இல்லை. தளம் தரும் ஓட்டுநர் அனுமதியை ஜப்பான் ஏற்கும்.

குற்றம் என்று வந்தால் கதை வேறு. பணிநேரத்தில், பணியின் பகுதியாகச் செய்த செயலிலும், அமெரிக்கத் தரப்பினருக்குள்ளேயே நடந்த குற்றத்திலும் வழக்கு நடத்தும் முதல் உரிமை அமெரிக்கப் படைக்கு. மற்றவற்றில் அந்த உரிமை ஜப்பானுக்கு. இந்தப் பங்கீடுகூடச் சீருடை போட்டவருக்குத்தான். அமைதிக் காலத்தில் படைவீரரின் மனைவியை இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1957-இலும் 1960-இலும் தீர்ப்பளித்துவிட்டது. 1957 தீர்ப்புக்குக் காரணமான இரண்டு வழக்குகளில் ஒன்று ஜப்பானில் நடந்தது. ஆக, யோகோசுகா தெருவில் நீங்கள் ஓட்டும் கார் ஒருவர்மேல் மோதினால் உங்களை விசாரிக்கப் போவது ஜப்பானியப் போலீசும் ஜப்பானிய நீதிமன்றமும்தான். குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பே 23 நாள் வரை காவலில் வைக்க அங்கே சட்டம் இருக்கிறது.

2021 மே மாதம் யோகோசுகாவைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ஒருவர் ஃபூஜி மலைக்குப் போய்விட்டுக் குடும்பத்தோடு காரில் திரும்பினார். வழியில் ஷிசுவோகா மாகாணத்தில் நிறுத்தி வைத்திருந்த வாகனங்கள்மேல் மோதினார், இருவர் இறந்தார்கள். மலையேறியதால் மயக்கம் வந்தது என்றார் அவர். தூக்கக் கலக்கத்தில் ஓட்டினார் என்று முடிவுசெய்த நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறை விதித்தது. குடி இல்லை, முன்பகை இல்லை, ஓடி ஒளியவும் இல்லை. கணவரிடம் இந்தப் பத்தியை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள்.

குடி என்றால் இன்னும் கடுமை. ஒரு பீர் குடித்தவர்கூட வரம்பைத் தாண்டக்கூடும்: மூச்சுக்காற்றின் ஒரு லிட்டருக்கு 0.15 மில்லிகிராம். ஓட்டியவரோடு, குடித்தது தெரிந்தே கூட உட்கார்ந்து வந்தவரும், கார் கொடுத்தவரும், ஊற்றிக் கொடுத்தவரும் தண்டனைக்கு உரியவர்கள். ஓட்டுவதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஜப்பானில் இடது பக்கம்தான். மதுரையில் ஸ்கூட்டர் ஓட்டிய கைக்கு அது சீக்கிரம் பழகிவிடும். அமெரிக்காவில் வளர்ந்த உங்கள் கணவர்தான் முதல் மாதம் கவனமாக இருக்க வேண்டும்.

மருந்தும் இந்தச் சட்டத்துக்குள்தான் வரும். சூடோஎஃபெட்ரின் அதிகமுள்ள சளி மாத்திரைகள், கோடீன் கலந்த இருமல் மருந்து, கவனக்குறைபாட்டு நோய்க்குத் தரும் ஆம்ஃபெட்டமின் வகை மாத்திரைகள் ஆகியவற்றைப் பெட்டியில் எடுத்துப் போகாதீர்கள். தபாலிலும் வரவழைக்காதீர்கள். ஆம்ஃபெட்டமினைப் பொறுத்தவரை அமெரிக்க மருத்துவரின் சீட்டு ஜப்பானியச் சுங்கத்தில் உதவாது. மகளின் இன்ஹேலர் உட்பட எல்லா மருந்துகளின் பட்டியலையும் தளத்து மருந்தகத்துக்கு முன்கூட்டியே அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

வேலையும் அம்மாவும்

வீட்டிலிருந்து பார்க்கும் வேலையில் இரண்டு சிக்கல்கள். அமெரிக்க நிறுவனத்துக்கு, அமெரிக்க வங்கிக் கணக்கில் சம்பளம், ஆகவே ஜப்பானுக்கு இதில் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். படைநிலை ஒப்பந்தத்தின் வரிவிலக்கு, படையில் பணியாற்றிப் பெறும் வருமானத்துக்குத்தான். நீங்கள் ஜப்பானில் வசிப்பவராகக் கணக்கில் வரமாட்டீர்கள் என்றாலும், ஜப்பான் மண்ணில் உட்கார்ந்து செய்த வேலைக்கான சம்பளம் ஜப்பானில் ஈட்டிய வருமானம் என்பது அந்நாட்டு வரிச் சட்டத்தின் பார்வை. இரண்டாவது உங்கள் நிறுவனம். பல நிறுவனங்கள் வெளிநாட்டிலிருந்து கணினியை இணைக்கவே விடுவதில்லை. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பிறகு யோகோசுகா தளத்தின் சட்ட உதவி அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே ஆலோசனை இலவசம். பதில் வரும் வரை "யாருக்குத் தெரியப் போகிறது" என்று தொடங்கிவிடாதீர்கள். தளத்துக்குள் வேலை தேடினால் படைவீரரின் மனைவி என்ற முறையில் முன்னுரிமை உண்டு. சம்பளம் நீங்கள் இப்போது வாங்குவதைவிடக் குறைவாக இருக்கலாம்.

அம்மா விஷயத்தில் கணவர் பாதி சரி. ஒப்பந்தத்தில் 'சார்ந்தோர்' என்ற சொல்லுக்குள் பெற்றோரும் வருகிறார்கள்; ஆனால் அவர்களுடைய செலவில் பாதிக்கு மேல் படைவீரரே ஏற்க வேண்டும், அதைக் கணக்கோடு நிரூபிக்கவும் வேண்டும். உங்கள் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை, ஓய்வூதியம் வருகிறது, மாடி வீட்டு வாடகையும் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு நிற்காது. அவர் சாதாரண வருகையாளர் விசாவில் வரலாம். வழக்கமாக 90 நாள் வரை. அழைப்பவரின் ஜப்பானியக் குடியிருப்புச் சான்றைக் கேட்கும்போது உங்களிடம் அது இருக்காது. பதிலாக எந்தத் தாள்கள் போதும் என்று சென்னையில் உள்ள ஜப்பானியத் துணைத் தூதரகத்தில் முன்பே கேட்டுவிடச் சொல்லுங்கள். எந்த மாதம் வரச் சொல்வது? கணவரின் கப்பல் எப்போது புறப்படும் என்று ஓரளவு தெரிந்த பிறகு, அந்த 90 நாளை அதற்குள் பொருத்துங்கள். செர்ரிப் பூ பார்க்க ஏப்ரலில் கூப்பிட்டுவிட்டுக் கப்பல் போகும் சமயத்தில் ஆளில்லாமல் தவித்தவர்களை அறிவேன்.

இனி கிரைண்டர்

ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். யோகோசுகா இருக்கும் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ். ஊரிலிருந்து வந்த 230 வோல்ட் மிக்ஸி அதில் முனகும், அரைக்காது. மின்னழுத்தத்தை ஏற்றும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம். 750 வாட் மிக்ஸிக்கு அதைப்போல் இரு மடங்கு திறனுள்ளதாவது வேண்டும். அதைத் தூக்கி வைக்கவே கணவர் ஊரில் இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கென்றே செய்த 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் கிரைண்டர் உங்களிடம் இருந்தால் அது ஓடும். ஆனால் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், சூடும் ஏறும். உளுந்துக்கு அரைமணி என்றால் நடுவே நிறுத்தி ஆறவிட்டு அரையுங்கள். வெளியூர்ச் சாமான்களில் நான் இதைத்தான் கொண்டுபோகச் சொல்வேன். 230 வோல்ட் மிக்ஸியை அம்மாவிடமே விட்டுவிடுங்கள். அரிசி, உளுந்து, புளி பற்றிக் கவலை வேண்டாம். டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் இந்தியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கடைகளும் இருக்கின்றன. யோகோசுகாவிலிருந்து ரயிலில் போய்வரலாம். பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்று இல்லாத இலை, தழை, விதை எதையும் ஜப்பான் உள்ளே விடாது. நகைகளைக் கப்பலில் போகும் வீட்டுச் சாமானோடு சேர்க்காமல் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

நீங்கள் கேட்காதது

கடிதத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு வரி: "வங்கி, வாடகை, தாள் எல்லாம் அவர்தான் பார்ப்பார், எனக்கு எதுவும் தெரியாது." அடுத்த வரியில் வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

யோகோசுகாவில் இருக்கும் கப்பல்கள் ஏழாவது கடற்படைப் பிரிவைச் சேர்ந்தவை. மாதக்கணக்கில் கடலில் இருக்கும். அப்போது வீட்டுச் சாவி, காரின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைக் கட்டாயச் சோதனை, மகளின் பாஸ்போர்ட் எல்லாம் உங்கள் தலையில். 16 வயதுக்குட்பட்ட குழந்தையின் அமெரிக்க பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான். புதுப்பிக்கப் பெற்றோர் இருவரின் சம்மதம் வேண்டும். ஆகவே கப்பல் புறப்படும் முன் கணவரிடம் காரியத்தைக் குறிப்பிட்டு எழுதிய அதிகாரப் பத்திரங்களை வாங்கி வையுங்கள்: வீட்டுக்கு ஒன்று, வாகனத்துக்கு ஒன்று, குழந்தையின் தாள்களுக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொதுவாக ஒன்று எழுதினால் சில அலுவலகங்களில் ஏற்க மாட்டார்கள். உங்கள் பெயரும் உள்ள கூட்டுக் கணக்கு ஒன்றும், உங்கள் பெயரில் மட்டும் ஒன்றும் இருக்கட்டும்.

இதை நான் சந்தேகத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம். நல்ல கணவர் என்றே கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆனாலும் ஜப்பானில் நீங்கள் தங்கும் உரிமை முழுவதும் அவருடைய பணியில் தொங்குகிறது. இது தெரியாமல் போகக் கூடாது. எந்தக் காரணத்தாலாவது அங்கே இருக்க முடியாமல் போனால், குடும்பத்தை முன்கூட்டியே அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்ப ஒரு வழிமுறை உண்டு. ஆனால் அப்படித் திரும்பினால் அதே பணிக்காலத்தில் அரசுச் செலவில் மறுபடி ஜப்பான் போக முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பயப்படும் நிலைமை வந்தால் தளத்தில் குடும்ப ஆதரவுத் திட்டம் இருக்கிறது. கணவரின் மேலதிகாரிக்குப் போகாமல் உதவி கேட்கும் முறையும் அதில் உண்டு.

நிலநடுக்கத்துக்கும் இதே தயாரிப்புதான். 1923-இல் யோகோசுகா நகரமே சிதைந்தது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான படைக் குடும்பத்தினர் தாமாக முன்வந்து அமெரிக்கா திரும்பினார்கள். கணவர்கள் பணியில் இருந்துவிட்டதால், ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பையுமாகப் பெண்கள் தனியே விமானம் ஏறினார்கள். அந்தப் பையில் என்ன இருக்க வேண்டும் என்று தளத்தில் பட்டியல் தருவார்கள். உங்கள் பையில் கூடுதலாக இருக்க வேண்டியவை கிரீன் கார்டு, உத்தரவுத் தாளின் நகல், இந்திய பாஸ்போர்ட்.

அந்தப் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஜப்பானுக்குள் நுழைய, அமெரிக்கக் குடிமக்களைப் போலல்லாமல், இந்திய பாஸ்போர்ட்டில் நீங்கள் விசா வாங்க வேண்டியிருக்கும். சோஃபா முத்திரையும் அதில்தான் விழும். ஒப்புதல் வரும் வரை காத்திருக்காமல் இன்று இரவே எடுத்துப் பாருங்கள். மூன்று வருடத்துக்குக் குறைவாக மிச்சமிருந்தால், சான் டியேகோவை விட்டுக் கிளம்பும் முன் புதுப்பித்துவிடுங்கள்.